மெலிவை விற்கும் வியாபாரம்

யாழ்ப்பாணக் குடாநாட்டில் இன்று மெலிவும் ஒரு விலைச்சரக்காகிவிட்டது. மருந்துக் கடைகளின் கண்ணாடி அலுமாரிகளிலும், அழகு நிலையங்களின் மேசைகளிலும், முகநூலிலும் வட்ஸ்அப்பிலும் அதன் விளம்பரங்களைக் காண்கிறோம். 'ஒரு மாதத்திற் பத்துக் கிலோ', 'உணவைக் குறைக்க வேண்டியதில்லை', 'முற்றிலும் இயற்கை. பக்கவிளைவு அறவே இல்லை' என்னும் வாசகங்களுடன் மாத்திரைகளும் தூள்களும் தேநீர்ப் பொட்டலங்களும் விற்பனையாகின்றன. ரொறன்ரோவிலிருந்தும் லண்டனிலிருந்தும் விடுமுறைக்கு வரும் உறவினரின் பெட்டிகளிற் சொக்கிளேற்றுகளுக்குப் பக்கத்தில் இப்போத்தல்களும் வந்து இறங்குகின்றன.

எந்த மண்ணில் இவ்வியாபாரம் நடைபெறுகிறது? 1990இல் தொடங்கிய பொருளாதாரத் தடையின்போது இம்மக்கள் மண்ணெண்ணெய்க்கும் சவர்க்காரத்துக்கும் வரிசையில் நின்றனர். 1995 ஒக்ரோபர் இறுதியில் வலிகாமத்து மக்கள் வீடுவாசலை விட்டு நாவற்குழிப் பாலத்தைக் கடந்தபோது ஒரு நேரக் கஞ்சிக்கே தவித்தனர். 2022 செப்ரெம்பரில் உணவுப் பணவீக்கம் கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டெண்ணின்படி 94.9 வீதமாக உயர்ந்தபோது எத்தனையோ குடும்பங்கள் ஒருவேளை உணவைக் கைவிட்டன. பசியை இவ்வளவு அண்மையில் அறிந்த ஒரு சமுதாயத்தில் மெலிவதற்காகப் பணம் கொடுக்கும் நிலை எவ்வாறு தோன்றிற்று? இதனைச் சில பெண்களின் அலங்கார மோகம் என்று சிரித்து ஒதுக்கிவிடுவோர் உளர். நாம் அவ்வாறு ஒதுக்க விரும்பவில்லை. இவ்வியாபாரத்தின் கூற்றுக்களை விஞ்ஞானத்தின் முன்னும், அதன் வேர்களைச் சமுதாயத்தின் முன்னும் நிறுத்தி விசாரிப்பதே நமது நோக்கம்.

முதலில் ஓர் உண்மையை ஒப்புக்கொள்வோம். உடற்பருமன் கற்பனைப் பிரச்சினை அன்று. 2018, 2019ஆம் ஆண்டுகளில் நாடளாவிய முறையில் நடந்த ஆய்வொன்று, இலங்கையில் வயது வந்தோரில் ஐவரில் ஒருவருக்கு மேற்பட்டோர் நீரிழிவு உடையோர் எனக் காட்டியது. தெற்காசியர்க்கு ஐரோப்பியரைக் காட்டிலும் குறைந்த எடையிலேயே நீரிழிவும் இருதயநோயும் வருகின்றன என்பதும் அறிந்ததே. இக்காரணம் பற்றியே 2004இல் உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு, ஐரோப்பியர்க்கு 25 எனக் கொள்ளப்பட்ட உடற்றிணிவுச் சுட்டெண் எல்லையை ஆசியர்க்கு 23 எனக் கருதி எச்சரிக்கை கொள்ளுமாறு கூறிற்று. ஆகவே, எடையைக் குறைக்க விரும்பும் ஒருவர் ஏளனத்துக்கு உரியவரல்லர். அவருடைய நியாயமான அச்சத்தை மூலதனமாக்கிக்கொள்பவரே நமது கண்டனத்துக்கு உரியவர்.

இனி, அவர்களுடைய சரக்கைப் பரிசோதிப்போம். இதற்குத் தூரத்தே செல்ல வேண்டியதில்லை. தென்னிலங்கையின் மீன்கறியில் இடும் கொறக்காப்புளியை நாம் எல்லோரும் அறிவோம். மலையாளத்தார் அதனைக் குடம்புளி என்பர். நமது அடுக்களையிற் பழப்புளிக்கே முதலிடமாயினும், கொறக்காவும் சந்தையில் மலிவாகக் கிடைக்கும் பொருளே. இதே கொறக்காவின் சாறு 'கார்சீனியா கம்போஜியா' என்ற இலத்தீன் பெயரைச் சூடிக்கொண்டு, மேனாட்டுப் போத்தலில் அடைபட்டு, பன்மடங்கு விலையுடன் நம்மிடமே திரும்பி வந்திருக்கிறது. நமது தோட்டத்துப் பொருளை வாங்கி நமக்கே விற்கும் பழைய குடியேற்றவாத வாணிபத்துக்கு இதைவிட நல்ல உதாரணம் வேண்டுமா?

இதன் வரலாறு அறியத்தக்கது. 1965இல் மைசூரிலுள்ள உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையத்தின் விஞ்ஞானிகள் லூயிஸ், நீலகண்டன் ஆகிய இருவரும் இப்பழத்தின் பிரதான அமிலம் ஹைட்ரொக்சிசிற்றிக் அமிலம் என நிறுவினர். மிகுதியான சர்க்கரையை உடல் கொழுப்பாக மாற்றும் வழியில் ஒரு நொதியத்தை இவ்வமிலம் தடுக்கிறது எனப் பின்னர் அமெரிக்க ஆய்வாளர் கண்டனர். எலிகளுக்கு ஊட்டியபோது அவை உண்ட உணவு குறைந்தது. இம்மட்டில் இது நேர்மையான விஞ்ஞானம். ஆனால் எலிக்கும் மனிதனுக்கும் இடையேயுள்ள தூரத்தை ஆராய்ச்சியினாற் கடக்க வேண்டும். வியாபாரிகள் அதனை விளம்பரத்தினாற் கடந்தனர்.

மனிதரிற் பரிசோதனை நடந்தது. பருமனுடைய 135 பேரை ஆய்வாளர்கள் குலுக்கல் முறையில் இரு பிரிவாக்கினர். ஒரு பிரிவுக்குக் கொறக்கா மாத்திரை. மற்றையதற்கு அதே தோற்றமுடைய வெற்று மாத்திரை. இரு பிரிவினர்க்கும் ஒரேவகையான அளவான உணவு. எவருக்கு எது கிடைக்கிறது என்பதை உண்பவரும் அறியார், கொடுப்பவரும் அறியார். பன்னிரண்டு வாரங்களின் பின் கொறக்கா உண்டோர் சராசரி 3.2 கிலோவும், வெற்று மாத்திரை உண்டோர் 4.1 கிலோவும் குறைந்திருந்தனர். கொறக்காவினால் யாதொரு மேலதிகப் பயனும் இல்லை என்ற முடிபு 1998இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் சஞ்சிகையில் வெளியாயிற்று. கால் நூற்றாண்டுக்கு மேலாகியும் விற்பனை நின்றபாடில்லை.

இப்பரிசோதனையில் ஆசிரியர்களும் மாணவர்களும் ஊன்றிக் கவனிக்க வேண்டிய பாடமொன்று உண்டு. கொறக்கா உண்டோர் மட்டும் நம் கண்முன் இருந்திருப்பின், 'மூன்று கிலோ குறைந்துவிட்டதே!' என நாமும் அதிசயித்திருப்போம். குறைத்தது மாத்திரையன்று, கட்டுப்பாடான உணவே என்பதை ஒப்பீட்டுப் பிரிவொன்று இருந்தமையாலேயே அறிந்தோம். 'நான் உண்டேன்; மெலிந்தேன்' என்று சாட்சி கூறுவோர் பொய்யர் அல்லர். போத்தலுடன் ஓர் உணவுப் பட்டியலும் அவர்களிடம் கொடுக்கப்படுகிறது. சீனியையும் பொரியலையும் நிறுத்தி, இராச்சாப்பாட்டைக் குறைத்து, மாலையில் நடந்தும் வருகின்றனர். மெலிவு அவர்களுடைய முயற்சியின் பயன். புகழும் பணமும் போத்தலுக்கு. வேறு சில 'மெலிவுத் தேநீர்'களிலோ சூரத்தாவரை போன்ற பேதி மருந்து இருக்கிறது. உடல் இழந்த நீர் தராசில் எடைக்குறைவாகத் தோன்றுகிறது. நீரருந்தியதும் எடை திரும்புகிறது.

ஆராய்ச்சி என்ற சொல்லையே வியாபாரிகள் எவ்வாறு கையாள்கின்றனர் என்பதற்கு மற்றோர் உதாரணம் கூறுவோம். பச்சைக் கோப்பிக்கொட்டைச் சாறு எடையைக் குறைக்கும் என்ற கூற்று அமெரிக்கத் தொலைக்காட்சி வழியாக உலகெங்கும் பரவிற்று. அதற்கு ஆதாரமாகக் காட்டப்பட்டது இந்தியாவிற் பதினாறு பேரில் நடத்தப்பட்ட ஓர் ஆய்வு. அவ்வாய்வின் எண்கள் மீண்டும் மீண்டும் மாற்றப்பட்டிருந்தன என அமெரிக்காவின் மத்திய வர்த்தக ஆணைக்குழு குற்றஞ்சாட்டிற்று. 2014இல் ஆய்வுக்குப் பணம் கொடுத்த கொம்பனி 35 இலட்சம் டொலர் செலுத்த உடன்பட்டது. ஆய்வுக் கட்டுரையும் மீளப்பெறப்பட்டது. மீளப்பெற்ற செய்தி நமது ஊரின் வட்ஸ்அப் குழுக்களை இன்னும் எட்டவில்லை. பொய் ஆகாய விமானத்தில் வருகிறது. திருத்தமோ மாட்டுவண்டியில் வருகிறது.

பயனில்லாமை மட்டுமே குற்றமாயின் பணநட்டத்தோடு முடிந்துவிடும். உயிருக்கும் அல்லவா ஆபத்து நேர்கிறது! சிபியூற்றமின் என்ற மருந்து ஒரு காலத்தில் எடை குறைப்பதற்கு வைத்தியர்களால் வழங்கப்பட்டது. ஏறத்தாழ பதினாயிரம் பேரில் நடந்த ஆய்வில், இருதய நோயுள்ளோர்க்கு அது மாரடைப்பையும் பாரிசவாதத்தையும் அதிகப்படுத்துகிறது எனத் தெரிந்தமையால் 2010இல் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் சந்தையிலிருந்து நீக்கப்பட்டது. வைத்தியரின் கையிலிருந்து விலக்கப்பட்ட அம்மருந்து எங்கே போயிற்று? 'மூலிகை' மாத்திரைகளுக்குள்ளே இரகசியமாகப் புகுந்துகொண்டது. 2007 முதல் 2016 வரை அமெரிக்க அதிகாரிகள் மறைமுக மருந்துக் கலப்புள்ளவை எனக் கண்ட 776 பொருள்களில், பத்தில் நான்கு மெலிவுப் பொருள்களே. அம்மெலிவுப் பொருள்களிற் பத்தில் எட்டுக்கு மேற்பட்டவற்றிற் சிபியூற்றமின் கலந்திருந்தது. 'சாப்பிட்ட அன்றே பசி அடங்கிற்று' என்று வியக்கும் தாய்மாரும் தங்கைமாரும் இதனைச் சிந்திக்க வேண்டும். போத்தலின் மேல் மூலிகைப் படம். உள்ளே, இரத்த அழுத்தத்தை உயர்த்தும் விலக்கப்பட்ட இரசாயனம்.

'இயற்கையானது தீங்கு செய்யாது' என்பது இவ்வியாபாரத்தின் மூலமந்திரம். அலரிக்கொட்டையும் இயற்கையே என்பதை யாழ்ப்பாணத்தார்க்கு எடுத்துச்சொல்ல வேண்டியதில்லை. பெல்ஜியத்தின் தலைநகர் பிரசல்ஸில் ஒரு மெலிவுச் சிகிச்சை நிலையம் 1990ஆம் ஆண்டளவிற் சீன மூலிகைத் தூளைத் தனது மருந்திற் சேர்த்தது. ஒரு மூலிகைக்குப் பதிலாக 'அரிஸ்ரலோக்கியா' இனத்து மூலிகை தவறுதலாக இடம்பெற்றது. நூற்றுக்கு மேற்பட்டோர்க்கு, பெரும்பாலும் பெண்களுக்கு, சிறுநீரகங்கள் பழுதடைந்தன. பின்னர் சிறுநீரகங்களை இழந்தோருள் 39 பேரின் உறுப்புக்களைப் பரிசோதித்தபோது 18 பேரிற் சிறுநீர்ப்பாதைப் புற்றுநோய் காணப்பட்டது. அவர்கள் நோயாளர்களாக அங்கே செல்லவில்லை. சில கிலோ மெலிவதற்கே சென்றனர்.

இவ்விடத்தில் ஒரு தவறான விளக்கத்தை விலக்கவேண்டும். நாம் சுதேச வைத்தியத்தைத் தாக்கவில்லை. குடாநாட்டிற் பரம்பரையாக வந்த சித்த வைத்தியமும், கைதடியில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் வழியே அது முறையாகக் கற்பிக்கப்படுவதும் நமக்குப் பெருமையே. பொறுப்புள்ள சித்த வைத்தியர் நாடி பார்ப்பார், வயதும் நோயும் கேட்பார், பத்தியம் கூறுவார், தீங்கு நேர்ந்தால் அவரை நாம் சென்று காணலாம். ஊர்பேர் தெரியாத போத்தல் எவருடைய நாடியையும் பார்ப்பதில்லை. நீரிழிவுக்கும் இரத்த அழுத்தத்துக்கும் மருந்து உண்பவளா, கருவுற்றவளா, பாலூட்டுபவளா என்று அது கேட்பதுமில்லை. அகத்தியர் பெயரையும் போகர் பெயரையும் அட்டைப்பெட்டியில் அச்சடிப்பதால் வாணிபம் வைத்தியம் ஆகிவிடாது.

'உண்மையாகவே எடை குறைக்கும் மருந்துகள் இப்போது வந்துவிட்டனவே' என்று சிலர் கூறுவர். உண்மை. செமாகுளுரைட் என்னும் ஊசிமருந்து 68 வாரங்களில் உடலெடையைச் சராசரி பதினைந்து வீதமளவு குறைத்தது என 2021இல் வெளிவந்த பெரிய ஆய்வொன்று காட்டியது. இம்மருந்தை நாம் வரவேற்கிறோம். ஏனெனில் அது கொறக்கா தோற்ற அதே பரீட்சையிற் சித்தியெய்தியது. எனினும், மருந்தை நிறுத்தி ஓராண்டுக்குள் இழந்த எடையில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பிற்று என்பதையும் அதே ஆய்வினர் மறைக்காமற் கூறினர். வைத்தியரின் கண்காணிப்பில் நெடுங்காலம் பாவிக்கவேண்டிய விலையுயர்ந்த மருந்து அது. 2024 யூனில் இம்மருந்தின் போலிகள் பற்றி உலக சுகாதார நிறுவனம் உலகெங்கும் எச்சரிக்கை விடுத்தது. ஆகவே, அழகு நிலையத்தில் மலிவாகக் கிடைக்கும் ஊசியை எவரும் நம்பலாகாது.

இத்துணைப் பொய்யும் தீங்கும் சட்டத்தின் கண்முன் எங்ஙனம் நடைபெறுகின்றன? விடை எளிது. மருந்தென்றாற் பயனையும் பாதுகாப்பையும் விற்பனைக்கு முன்பே நிரூபிக்கவேண்டும், உணவென்றால் வேண்டியதில்லை. 1994இல் அமெரிக்கா இயற்றிய சட்டம் இத்தகைய பொருள்களை உணவின் பக்கத்திற் சேர்த்தது. தீங்கை நிரூபிக்கும் சுமை அரசின் தலையில் விழுந்தது. எபெட்ரா என்ற மூலிகையினால் மாரடைப்பும் மரணங்களும் நேர்ந்தபின், 2004இலேயே அதனைத் தடைசெய்ய முடிந்தது. இடைப்பட்ட பத்தாண்டின் இலாபம் கொம்பனிகளுக்கு. நட்டம் இறந்தவர்களின் குடும்பங்களுக்கு.

இலங்கையில் 2015ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டம் தேசிய ஔடதங்கள் ஒழுங்குபடுத்தல் அதிகாரசபையை நிறுவிற்று. மருந்துக்கும் உணவுக்கும் இடைப்பட்ட எல்லைப் பொருள்களையும் அச்சட்டம் தன் வரம்புக்குட் கொண்டுவந்தது. ஏட்டில் இது நல்ல சட்டமே. ஆனால் 2023இல் அரச வைத்தியசாலைகளுக்கே தரமற்ற இம்யூனோகுளோபியூலின் வழங்கப்பட்ட விவகாரம் வெடித்து, முன்னாள் சுகாதார அமைச்சரே 2024 பெப்ரவரியிற் கைதானதை நாடு கண்டது. நோயாளியின் நரம்பில் ஏற்றும் மருந்தையே காக்க இயலாத ஏற்பாடு, வட்ஸ்அப்பில் விற்கும் தூளைக் காக்குமென நம்புவது எங்ஙனம்?

இதே நாட்டில் வேறொரு மரபும் உண்டு. மருந்தியற் பேராசிரியர் சேனக பிபிலே, இடதுசாரித் தலைவர் வைத்தியர் எஸ். ஏ. விக்கிரமசிங்கவுடன் சேர்ந்து அளித்த அறிக்கையின் பயனாக 1971இல் அரசாங்க மருந்துப் பொருட் கூட்டுத்தாபனம் தோன்றிற்று. வேண்டாத மருந்துகளை விலக்கு. வேண்டிய மருந்துகளைக் கொம்பனிப் பெயரால் அன்றி மருந்தின் பெயரால் வாங்கு. தரமும் விலையும் மக்களுக்கு ஏற்றவையாகட்டும் என்பதே அவர் கொள்கை. அக்கொள்கை பன்னாட்டுக் கொம்பனிகளின் பகையைச் சம்பாதித்தது. வளர்முக நாடுகளின் மதிப்பையும் சம்பாதித்தது. மருந்து மக்களின் உரிமை என்ற அக்குரல் ஓய்ந்த இடத்திலேயே, மெலிவு ஒரு சரக்கு என்ற இரைச்சல் எழுந்திருக்கிறது.

வியாபாரத்தின் மற்றொரு முகம் இன்னும் கொடியது. கடைக்காரனை நம்பாதவர்கள் அயலாரை நம்புவர் என்பதைக் கொம்பனிகள் அறியும். ஆகவே, வேலையற்ற பட்டதாரியையும், கணவனை இழந்த பெண்ணையும், சம்பளம் போதாத ஆசிரியரையும் முகவராக்குகின்றன. முதலில் அவரே பெட்டி வாங்கவேண்டும். பின் உறவினரைச் சேர்க்கவேண்டும். ஹெர்பலைவ் என்ற பெருங்கொம்பனி இத்தகைய விற்பனை முறைபற்றிய குற்றச்சாட்டின் பேரில் 2016இல் அமெரிக்காவில் இருபது கோடி டொலர் செலுத்தி, தன் முறையை மாற்றவும் உடன்பட்டது. அங்கே இழப்பீடாவது கிடைத்தது. இங்கே, மாமி மருமகளுக்கு விற்ற போத்தலுக்கு எவரிடம் இழப்பீடு கேட்பது? உறவும் கெட்டு, பணமும் போய், விற்றவரே கடனாளியாகின்றார்.

இனி வேருக்கு வருவோம். இச்சரக்கை வாங்குவோரிற் பெண்கள் மிகுதியாயிருப்பது தற்செயலன்று. சீதனக் கொடுமையினின்று விடுபடாத சமுதாயம் இது. பெண்ணின் படம் கனடாவுக்கும் சுவிற்சர்லாந்துக்கும் கைத்தொலைபேசியிற் பறக்கிறது. அவளைக் காணாத ஒருவன் அவளுடைய நிறத்தையும் பருமனையும் தராசில் இடுகிறான். வீடும் நகையும் ரொக்கமும் கேட்ட சந்தை இப்போது மெலிந்த உடலையும் சீதனமாகக் கேட்கிறது. திருமணநாள் குறித்தபின் இரண்டு மாதத்திற் பன்னிரண்டு கிலோ குறைக்கவேண்டும் என்று ஒரு பெண்ணைப் பட்டினி போட்டு மாத்திரை விழுங்க வைக்கும் வீட்டில், குற்றவாளி போத்தல் மட்டுந்தானா? பிள்ளை பெற்ற உடலை நாணமாகக் கருதச் செய்வதும், அந்நாணத்துக்கு மருந்து விற்பதும் ஒரே சந்தையின் இரண்டு கைகள்.

உடல் பருப்பதற்கும் சமுதாயக் காரணங்கள் உள. இந்நாட்டில் விளையாத கோதுமையின் மாவும், தவிடு நீக்கிய வெள்ளை அரிசியும், சீனித் தேநீருமே ஏழையின் வயிற்றை மலிவாக நிரப்புகின்றன. வெங்காயத் தோட்டத்தில் கூலிக்கு நிற்கும் பெண்ணுக்கு இனிப்புத் தேநீரும் பணிசும் களைப்பைப் போக்கும் உணவு. மரக்கறியும் மீனும் கைக்கெட்டாத விலை. நடுத்தர வகுப்பின் பிள்ளையோ விடியுமுன் ரியூசன், பின் பாடசாலை, மாலையில் மீண்டும் ரியூசன் என வாங்கிலேயே வளர்கின்றது. பையன்களுக்காவது ஒரு கிறிக்கெற் மைதானம் உண்டு. பதின்மூன்று வயதைக் கடந்த பெண் ஓடி விளையாட இடம் எங்கே? மாலையில் தனியே நடந்தால் ஊர் வாய் சும்மா இருக்குமா? ஓடவும் நடக்கவும் விடாமல் அவளை வளர்த்து, பின் 'நீ ஏன் பருத்தாய்?' எனக் கேட்டு மாத்திரையை நீட்டுகிறோம்.

குரக்கன் பிட்டும் ஒடியற் கூழும் முருங்கையிலையும் நம் முன்னோரைக் காத்தன என்று பழமை பாடுவதும் போதாது. தடைக்காலத்திற் சைக்கிள் மிதித்த யாழ்ப்பாணம் ஆரோக்கியமாயிருந்தது என்று பெருமூச்சு விடுவோரையும் கேட்டிருக்கிறோம். அது வறுமையும் போரும் விதித்த மெலிவு. மருந்தின்றி மாண்டவர்களை மறந்தோர்க்கே அது பொற்காலம். நாம் வேண்டுவது நியாய விலையில் நல்ல உணவு, உடல் அசைவதற்கு ஓய்வு நேரம், பெண்ணுக்கும் மைதானம், அருகிலுள்ள அரச வைத்தியசாலையில் இலவச ஆலோசனை. இவை எந்தப் போத்தலிலும் அடைபடா. எனவேதான் எவரும் இவற்றுக்கு விளம்பரம் செய்வதில்லை.

ஆசிரியர்களே, மாணவர்களே! 1847இல் யாழ்ப்பாணம் வந்த வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன் மானிப்பாயில் மேனாட்டு வைத்தியத்தைத் தமிழிற் கற்பித்தார். உடற்கூறும் சத்திரசிகிச்சையும் மகப்பேறும் பற்றிய நூல்களைத் தமிழில் ஆக்கினார். விஞ்ஞானம் தமிழிற் பேசிய இம்மண்ணில், இன்று மோசடி தமிழிற் சரளமாகப் பேச, விஞ்ஞானம் ஆங்கிலச் சஞ்சிகைகளில் அடைபட்டுக் கிடப்பது நமக்கு வெட்கம். அதனை வகுப்பறைக்கும் வாசிகசாலைக்கும் சனசமூக நிலையத்துக்கும் தமிழிற் கொண்டுவருவது உங்கள் கடன்.

போத்தலை நீட்டுபவரிடம் நான்கு கேள்விகள் கேட்கக் கற்பியுங்கள். எத்தனை பேரில், எவ்வளவு காலம் பரிசோதித்தனர்? வெற்று மாத்திரை உண்டோருடன் ஒப்பிட்டனரா? ஆய்வுக்குப் பணம் கொடுத்தவர் யார்? அதிகாரசபையின் பதிவு உண்டா? இந்நான்குக்கும் விடையில்லாத சரக்கை வீட்டுக்குள் விடவேண்டாம். ஏற்கெனவே உண்டவர் கண் மஞ்சளித்தாலோ, நெஞ்சு படபடத்தாலோ, சிறுநீர் கறுத்தாலோ, நாணத்தை விட்டு, போத்தலையும் கையிலெடுத்துக்கொண்டு உடனே வைத்தியசாலைக்குச் செல்லட்டும். அரசிடமும் கேட்போம்: எல்லைப் பொருள்களைச் சந்தையிலிருந்து எடுத்துப் பரிசோதித்து, கலப்படம் கண்டவற்றின் பெயர்களைத் தமிழிலும் சிங்களத்திலும் பகிரங்கமாக வெளியிடுக.

எல்லாவற்றுக்கும் மேலாக, நம் வீட்டுப் பெண்ணின் உடலைச் சந்தையின் தராசிலிருந்து இறக்குவோம். அவள் உண்பதும் ஓடுவதும் நலமாயிருப்பதும் அவளுடைய வாழ்வுக்காகவே என்ற எண்ணம் நிலைபெறும் நாளில், மெலிவை விற்போர் தம் கடையைத் தாமே சாத்திக்கொள்வர்.